பணிமுறை மாற்றத்திற்கு எதிர்ப்பு

பணிமுறை மாற்றத்திற்கு எதிர்ப்பு என்பது, பெரிய நிறுவனம் ஒன்றில் புதிய வேலை முறையைப் பரப்ப முயலும்போது அங்குப் பணிபுரிவோரிடம் எழும் தயக்கம், மறுப்பு, ஒத்துழையாமை ஆகியவற்றைக் குறிக்கும் மேலாண்மையியல் சொல்லாகும். தர வட்டங்கள், முழுமைத் தர மேலாண்மை, டொயோட்டா உற்பத்தி முறை, மென்பொருள் துறையின் அஜைல் முறை ஆகிய அனைத்தும் இவ்வெதிர்ப்பைச் சந்தித்துள்ளன. பத்துப் பேர் கொண்ட குழுவொன்றில் நன்கு பயன் தந்த முறை, பல்லாயிரம் பேர் பணியாற்றும் நிறுவனம் முழுவதற்கும் பரவாமல் பாதியில் நின்றுவிடுவது உலகெங்கும் காணப்படும் நிகழ்வாகும்.

தமிழ்நாட்டில் இதனை நெடுங்காலத் தொடர்ச்சியுடன் காணத்தக்க இடம் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் - கிருஷ்ணகிரி - போச்சம்பள்ளி தொழிற்பகுதியாகும். இங்கு 1990 இல் தொழிலாளர் பிணக்கால் மூடப்பட்ட ஓர் ஆலை, 2002 இல் பணியாளர் பங்கேற்பை முக்கிய அளவுகோலாகக் கொள்ளும் டெமிங் பரிசைப் பெற்றது.

சொல்லின் தோற்றம்

இச்சொல் பரவலான வழக்கிற்கு வந்தது 1948 இல் லெஸ்டர் கோக், ஜான் பிரெஞ்சு ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வழியாகும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மரியன் என்னும் ஊரில் இருந்த ஹார்வுட் நிறுவனத்தின் இரவாடை தைக்கும் ஆலையில் அவ்வாய்வு நடந்தது. அங்கு வேலை முறை அடிக்கடி மாற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் உற்பத்தி சரிந்தது. பலர் வேலையை விட்டு விலகினர். அளவுக்கூலி பெற்ற தையல்காரர்களுக்கு, பழகிய வேலையில் கை வேகம் கூடியிருந்த நிலையில், புதிய வேலை என்பது கூலி இழப்பாகவே இருந்தது.

ஆய்வாளர்கள் தொழிலாளரைப் பிரித்து மூன்று வகையில் மாற்றத்தை அறிமுகப்படுத்தினர். ஒரு குழுவிற்கு முடிவு மட்டும் அறிவிக்கப்பட்டது. இன்னொரு குழு தன் சார்பாளர்களை அனுப்பிப் புதிய முறையை வகுப்பதில் பங்கேற்றது. ஏனைய குழுக்களில் அனைவரும் நேரடியாகப் பங்கேற்றனர். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர். உற்பத்தியும் பழைய நிலைக்கு மீளவில்லை. அனைவரும் பங்கேற்ற குழுக்களிலோ உற்பத்தி முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தது.

இம்முடிவு மேலாண்மைப் பாடநூல்களில் ஓயாது எடுத்தாளப்படுகிறது. எனினும் 1960 இல் நார்வே நாட்டு ஆலையொன்றில் பிரெஞ்சும் பிறரும் இதே ஆய்வைச் செய்தபோது உற்பத்தி உயரவில்லை என்பது அந்நூல்களில் அரிதாகவே சொல்லப்படுகிறது. அங்குத் தொழிலாளருக்கு அளிக்கப்பட்ட பங்கேற்பு சிறு விடயங்களில் மட்டுமே இருந்தது. தொழிற்சங்கத்தின் வழியே பேசுவதே முறை என்று அவர்கள் கருதினர். கருத்துக் கேட்பதாகக் காட்டிக்கொள்வதும் முடிவில் இடமளிப்பதும் ஒன்றாகா என்பதை இவ்விரண்டாம் ஆய்வு உணர்த்தியது.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி ஆய்வு 1953 இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் நடந்தது. இலண்டன் தவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், தானியங்கித் தறிக்கூடத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிறு வேலையை மட்டும் செய்யும் முறைக்கு மாற்றாக, குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு குழு முழுப் பொறுப்பேற்கும் முறையை முன்வைத்தார். அதனைத் தொழிலாளர்கள் தாமே எடுத்துக்கொண்டு குழுக்களை அமைத்தனர். துணியின் தரமும் அளவும் உயர்ந்தன. 1970 இல் எரிக் மில்லர் அவ்வாலைக்கு மீண்டும் சென்றபோது, சில கூடங்களில் குழு முறை நிலைத்திருந்ததையும், வேறு சிலவற்றில் வேலை பழைய வழிக்கே திரும்பியிருந்ததையும் கண்டார்.

அஜைல் முறையின் தொழிற்சாலை வேர்கள்

மென்பொருள் துறையில் அஜைல் எனப்படுவது, நீண்ட திட்டத்தை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு வரிசையாகச் செய்வதைத் தவிர்த்து, சில வாரங்கள் கொண்ட சிறு சுற்றுகளில் வேலையை முடித்துக் காட்டி, பயனரின் கருத்தைப் பெற்றுத் திருத்திச் செல்லும் முறையாகும். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சுனோபேர்டு என்னும் இடத்தில் கூடிய 17 மென்பொருளாளர்கள் வெளியிட்ட அறிக்கையிலிருந்து இப்பெயர் நிலைபெற்றது.

இதன் வேர்கள் தொழிற்சாலையில் உள்ளன. அஜைல் முறைகளுள் பெயர் பெற்ற ஸ்க்ரம், தன் பெயரை 1986 இல் இகுஜிரோ நோனகா, ஹிரோடகா டகேயுச்சி ஆகியோர் எழுதிய கட்டுரையொன்றிலிருந்து பெற்றது. ஹோண்டா, கேனான், பியூஜி-செராக்ஸ் முதலிய நிறுவனங்கள் புதுப்பொருள்களை உருவாக்கிய விதத்தை அக்கட்டுரை இரக்பி விளையாட்டுடன் ஒப்பிட்டது. வேலையின் நிலையைச் சுவரில் அட்டைகளாக ஒட்டிக் காட்டும் கான்பன் பலகை, டொயோட்டா ஆலைகளில் பயன்பட்ட கான்பன் அட்டைகளின் வழித்தோன்றலாகும். சுற்று முடிவில் குழுவாக அமர்ந்து குறைகளை ஆராயும் வழக்கம், தர வட்டங்களின் வேலையை ஒத்தது. இதனால் அஜைல் பரவலில் எழும் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய தொழிற்சாலை வரலாறு பெரிதும் துணைபுரிகிறது.

ஓசூர்: டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம்

பின்னணி

சிப்காட் நிறுவனம் 1971 இல் தொடங்கப்பட்ட பின்னர் அது உருவாக்கிய தொழிற்பேட்டைகளுள் ஓசூர் முதன்மையானது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் பேசப்படும் இவ்வூரில் அசோக் லேலண்ட், டைட்டன் உள்ளிட்ட பெரிய ஆலைகள் அமைந்தன. டாட்டா குழுமமும் டிட்கோவும் இணைந்து 1984 இல் உருவாக்கிய டைட்டன், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்களைத் தேர்ந்து கைக்கடிகாரத் தொழிலில் பயிற்றுவித்தது. அவர்களுக்குக் கைவிட வேண்டிய பழைய முறை என்று ஒன்று இருக்கவில்லை.

டி.வி.எஸ். ஆலையின் நிலை வேறு. சென்னை பாடியில் 1962 இல் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் ஓசூரில் மொபெட் ஆலையை நிறுவி, 1980 இல் டி.வி.எஸ். 50 வண்டியை வெளியிட்டது. ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் 1982 இல் கூட்டு ஏற்பட்டு, 1984 முதல் மோட்டார் சைக்கிள்கள் இங்கு உற்பத்தியாயின. 1980களின் பிற்பகுதியில் போட்டி மிகுந்தது. நிருவாகத்திற்கும் தொழிலாளருக்கும் இடையே பிணக்கு முற்றி 1990 இல் ஆலை மூடப்பட்டது.

தர இயக்கம்

இந்தியாவில் தர வட்டங்கள் 1980களின் தொடக்கத்தில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஐதராபாத் ஆலையிலிருந்து பரவத் தொடங்கின. 1986 இல் கௌரு இஷிகாவா இந்தியா வந்து சென்றதும், தொழிற்கூட்டமைப்பு தரத்திற்கெனத் தனிப்பிரிவு ஏற்படுத்தியதும் இவ்வியக்கத்திற்கு ஊக்கமளித்தன. சுந்தரம் கிளேட்டன் நிறுவனமும் அதன் மேலாண் இயக்குநர் வேணு சீனிவாசனும் முழுமைத் தர மேலாண்மையைக் கையிலெடுத்தது இக்காலத்திலேயாகும். (இலங்கை வழக்கில் இது முழுமைத் தர முகாமைத்துவம் எனப்படும்.) பேராசிரியர் யோஷிகாசு ட்சுடா போன்ற ஜப்பானிய வல்லுநர்கள் இக்குழும நிறுவனங்களுக்கு வழிகாட்டினர்.

இம்முறை பணியாளரிடம் கேட்பது எளிதாகத் தோன்றும். பிழை ஏற்பட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் காரணங்களை மீன்முள் வரைபடத்தில் குழுவாக எழுதி, மெய்யான காரணத்தைக் கண்டு, செய்முறையைத் திருத்த வேண்டும். திருத்திய செய்முறையை எல்லா முறைப்பணியாளரும் ஒரே வகையில் பின்பற்ற வேண்டும். ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது. ஒரு வேலையைக் குறைந்த நேரத்தில் முடிக்கும் உத்தியைத் தொழிலாளி தன்னிடமே வைத்திருந்தால் அது அவருக்கு ஓய்வு. வெளியே சொன்னால் நாளை அதுவே அனைவருக்குமான இலக்கு. மூவர் வேலையை இருவர் செய்யலாம் என்று கண்டால் மூன்றாமவர் என்ன ஆவார் என்ற கேள்வி எழும். மேற்பார்வையாளருக்கோ, தாம் மட்டும் அறிந்திருந்த தகவல்கள் சுவரில் வரைபடமாகத் தொங்குவது அதிகார இழப்பாகும். தொழிலாளரின் எதிர்ப்பே பெரிதும் பேசப்பட்டாலும், இடைநிலை மேலாளர்களின் எதிர்ப்பு ஓசையின்றி நெடுநாள் நீடிப்பது; அவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை, கூட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள்.

இதற்கு ஜப்பானிய முறை வைத்துள்ள விடை, மேலிருந்து தொடங்குவதாகும். ஆண்டிற்கான குறிக்கோள் ஒவ்வொரு படியிலும் மேலாளருக்கும் அவருக்குக் கீழ் உள்ளோருக்கும் இடையே முன்னும் பின்னும் பேசி முடிவு செய்யப்படுகிறது. பின்னர் உயர்நிலை மேலாளர்களே பணித்தளத்திற்கு வந்து அது நடந்த விதத்தைக் கேட்டறிகின்றனர். டெமிங் பரிசுக்கான தேர்விலும் நிறுவனத் தலைவர் முதல் பணித்தளத்தில் உள்ளோர் வரை கேள்வி கேட்கப்படுகின்றனர்.

பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக்குப் பிரிவு 1998 இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. ஓசூர் நிறுவனம் 2001 இல் சுசுகியிடமிருந்து பிரிந்தது. அவ்வாண்டே தானே வடிவமைத்த விக்டர் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. மறு ஆண்டு, 2002 இல், டெமிங் பரிசு பெற்றது. ஆலை மூடப்பட்டதற்கும் பரிசு பெற்றதற்கும் இடைப்பட்டவை 12 ஆண்டுகள் என்பதைக் கருத வேண்டும். மூன்று மாதப் பயிற்சியில் ஒரு நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்று கூறும் ஆலோசகர்களின் வாக்குறுதிகளுக்கு முன் இக்கால அளவு எண்ணத்தக்கது.

வழங்குநர்களிடம் பரவல்

ஒரே ஆலையில் நின்றுவிடாமல் இம்முறை ஏனைய நிறுவனங்களுக்கும் சென்றது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் (2001), பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்படப் பிரிவு (2003), ரானே பிரேக் லைனிங்ஸ் (2003), லூக்காஸ் டி.வி.எஸ். (2004) ஆகியவை அடுத்தடுத்து டெமிங் பரிசு பெற்றன. உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்கள் சிலவற்றை ஒரு தொகுதியாகச் சேர்த்து, ஒன்றின் ஆலையை மற்றவை சென்று பார்த்துக் கற்கும் தொகுதி முறையும் இதே காலத்தில் வளர்ந்தது. வெளியாரான வல்லுநர் சொல்லும்போது "எங்கள் ஆலையில் இது நடவாது" என்று கூறிய முதலாளி, தம்மைப் போன்ற இன்னொரு சிறு முதலாளியின் ஆலையில் அது நடப்பதைக் கண்ணால் கண்டபின் அவ்வாறு கூற இயலவில்லை.

ஒப்பீடுகள்

ஒரே முறை இருவேறு இடங்களில் இருவேறு விதமாக ஏற்கப்பட்டதற்கு அமெரிக்காவின் பிரீமாண்ட் ஆலை சான்றாகும். தொழிலாளர் வருகையின்மை 20 விழுக்காட்டைத் தொட்டு, 1982 இல் ஜெனரல் மோட்டார்சால் மூடப்பட்ட இவ்வாலையை, டொயோட்டாவும் அந்நிறுவனமும் கூட்டாக 1984 இல் நும்மி என்ற பெயரில் மீண்டும் திறந்தன. பழைய தொழிலாளர் பெரும்பாலோர், அதே தொழிற்சங்கத்துடன், மீண்டும் அமர்த்தப்பட்டனர். பலர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமை அளிக்கப்பட்டது. 1988 இல் விற்பனை சரிந்தபோது ஆட்குறைப்பு செய்யாமல், மிகுந்திருந்தோரைப் பயிற்சிக்கு அனுப்பினர். தரம் உயர்ந்தது, வருகையின்மை பெரிதும் குறைந்தது.

இதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலைக்குக் கொண்டு சென்றபோது அது வேரூன்றவில்லை. கயிறு கட்டப்பட்டது, ஆனால் வரிசை நிற்பதை மேலாளர்கள் விரும்பவில்லை, ஏனெனில் அவர்களது ஊக்கத்தொகை வண்டிகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருந்தது. மூப்புரிமையை இழக்க நேரிடும் என்று தொழிலாளரில் ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். அவ்வாலை 1992 இல் மூடப்பட்டது.

ஓசூரிலிருந்து எல்லை கடந்தால், பெங்களூருவை அடுத்த பிடதியில் 1999 இல் உற்பத்தியைத் தொடங்கிய டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை உள்ளது. முறையை வகுத்த நிறுவனமே நடத்திய இவ்வாலையிலும் 2006, 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் பிணக்கு முற்றிக் கதவடைப்பு அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில் நடந்ததில் பணிச்சுமை மிகுந்ததாகத் தொழிற்சங்கம் கூறியது. ஒழுங்கு மீறல் என நிறுவனம் கூறியது. நன்கு வகுக்கப்பட்ட செய்முறை மட்டுமே இணக்கத்தைத் தந்துவிடாது என்பதற்கு இது அண்டை எடுத்துக்காட்டு.

மென்பொருள் நிறுவனங்களில்

அஜைல் முறை தொடக்கத்தில் ஒரே அறையில் அமரும் சிறு குழுவிற்காக வகுக்கப்பட்டது. நேருக்கு நேர் உரையாடலே சிறந்தது என்பது 2001 அறிக்கையின் கொள்கைகளுள் ஒன்று. வாடிக்கையாளர் ஒரு கண்டத்திலும் நிரலாளர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் இந்திய நிறுவனங்களுக்கு இதுவே முதல் தடையாயிற்று. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் ஏறத்தாழ நான்கு இலட்சம் பணியாளர் கொண்டிருந்த நிலையில், 2020 ஆம் ஆண்டிற்குள் நிறுவனம் முழுவதையும் அஜைல் முறைக்குக் கொண்டுவரும் இலக்கை அறிவித்தது. இடத்தைச் சாராத அஜைல் என்ற தனி முறையையும் வகுத்து, தொலைவிலுள்ளோரும் ஒரு குழுவாக இயங்கும் வழிகளை வரையறுத்தது.

நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கி மாறுபட்ட வழியில் சென்றது. 2015 இல் தன் தலைமையகத்தில் ஏறத்தாழ 3,500 பேரை ஒன்பது பேர் அளவிலான சிறு குழுக்களாக மாற்றியமைத்தபோது, பணியாளர் அனைவரும் தம் வேலைக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மாற்றம் விரைந்து நடந்தது. பழைய பதவியில் இருந்தோர் பலருக்குப் புதிய அமைப்பில் இடமில்லாமல் போயிற்று. எதிர்ப்பைப் போக்குவதும் எதிர்ப்போரைப் போக்குவதும் வெவ்வேறு என்பது இதில் கவனிக்கத்தக்கது.

இந்திய மென்பொருள் நிறுவனங்களில் திட்ட மேலாளர் பதவியே எதிர்ப்பின் மையமாகக் காணப்படுகிறது. பத்துப் பேரை மேற்பார்க்கும் நிலையை அடைவதே முன்னேற்றம் என்று குடும்பமும் ஊரும் கருதும் சூழலில், குழு தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்று கூறும் முறை அப்பதவியின் பொருளையே கேள்விக்குள்ளாக்குகிறது. இதனால் பெயர் மட்டும் மாறி வேலை மாறாத நிலை ஏற்படுவதுண்டு. நாள்தோறும் 15 நிமிடம் நின்றபடி நடக்கவேண்டிய குழுக் கூட்டம், மேலாளரிடம் ஒவ்வொருவராகக் கணக்கு ஒப்புவிக்கும் ஒரு மணி நேரக் கூட்டமாக மாறிவிடுவது இதற்கு நன்கறிந்த அடையாளமாகும்.

சட்ட நிலை

இந்தியத் தொழிலாளர் சட்டம் இவ்வெதிர்ப்பிற்கு ஒரு முறையான வாயிலை அளித்துள்ளது. தொழிற்தகராறுச் சட்டம், 1947 இன் 9அ பிரிவின்படி, சட்ட அட்டவணையில் குறித்த பணி நிலைமைகளை மாற்ற விரும்பும் முதலாளி, தொழிலாளருக்கு 21 நாட்களுக்கு முன் அறிவிப்பு தரவேண்டியிருந்தது. ஆட்குறைப்பிற்கு இட்டுச்செல்லக்கூடிய செய்முறைச் சீர்திருத்தமும் அவ்வட்டவணையில் இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 இலும் இந்த அறிவிப்பு விதி தொடர்கிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களில் இருதரப்பினரும் கொண்ட பணிக்குழு அமைப்பதற்கும் இரு சட்டங்களிலும் வழி உண்டு. நடைமுறையில் பெரிய ஆலைகளில் உற்பத்தி அளவும் பணிமுறையும் ஊதிய ஒப்பந்தத்தின் பகுதியாகவே பேசி முடிக்கப்படுகின்றன. ஆகவே தொழிற்சங்கம் புதிய முறையை எதிர்ப்பதாகத் தோன்றும்போது, பல வேளைகளில் அது அம்முறைக்கான விலையைப் பேசிக்கொண்டிருக்கிறது.

நெகிழ்வு என்ற சொல் தொழிலாளரிடையே ஏற்படுத்தும் ஐயத்திற்கு 2023 ஏப்ரலில் ஒரு சான்று கிடைத்தது. நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடமளிக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

போச்சம்பள்ளி

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வட்டங்களுள் ஒன்றான போச்சம்பள்ளி, வாரச்சந்தைக்கும் மாந்தோப்புகளுக்கும் பெயர் பெற்ற வேளாண் பகுதியாகும். இங்குள்ள சிப்காட் வளாகத்தில், 500 ஏக்கர் பரப்பில் மின் இருசக்கர வண்டி ஆலை அமைக்க ஓலா நிறுவனம் 2020 டிசம்பரில் தமிழ்நாடு அரசுடன் 2,400 கோடி ரூபாய்க்கான ஒப்பந்தம் செய்தது. அவ்வாலை முழுவதும் பெண்களால் இயக்கப்படும் என்றும், முழு அளவில் 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் பணியாற்றுவர் என்றும் 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது.

இத்தகைய புதிய ஆலையில் எதிர்ப்பின் தன்மை மாறுபடுகிறது. முதன்முறையாகத் தொழிற்சாலைக்குள் நுழையும் இளையோரிடம் பழைய பணிமுறைப் பற்று இராது. 1980களின் டைட்டன் ஆலையைப் போல, கற்பித்த முறையே அவர்களுக்கு இயல்பான முறையாகிறது. அவர்களது ஒப்புதலை முடிவு செய்பவை பெரும்பாலும் பணிமுறைக்கு வெளியே உள்ளன. இரவு வேலை முடிந்து ஊர் திரும்பப் பேருந்து உண்டா, விடுதி எத்தகையது, திருமணத்திற்குப் பின் வேலையைத் தொடர முடியுமா என்பன அவற்றுள் சில. இவற்றில் குறை இருந்தால் அவர்கள் வாதிடுவதில்லை; வேலையை விட்டு நின்றுவிடுகின்றனர். ஹார்வுட் ஆலையில் எண்ணப்பட்ட எதிர்ப்பும் இவ்வகையினதே.

விமர்சனங்கள்

எதிர்ப்பு என்னும் சொல்லே நிருவாகத்தின் பக்கத்திலிருந்து நோக்குவது என்ற விமர்சனம் உண்டு. மாற்றம் சரியானது, மறுப்பவரிடமே கோளாறு உள்ளது என்று அச்சொல் முன்கூட்டியே கொள்கிறது. எதிர்ப்பவர் சுட்டும் குறை மெய்யாகவே முறையின் குறையாக இருக்கலாம். ஓர் ஆலையில் பொறியாளர் வரைந்த புதிய செய்முறையைத் தொழிலாளர் ஏற்காதிருப்பதற்கு, அம்முறையில் குனிந்து நிமிரும் எண்ணிக்கை இருமடங்கானது காரணமாக இருக்கக்கூடும். நேர அளவு எடுத்தவரின் தாளில் அது பதிவாவதில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றியது மற்றொரு விமர்சனம். தர வட்டம், ஆலோசனைத் திட்டம், பயிற்சி ஆகியவை பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளரை மையமாகக் கொண்டவை. வாகனத் தொழிலில் ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் ஆகியோரின் பங்கு வளர்ந்துள்ள நிலையில், ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்வோருள் ஒரு பகுதியினர் பங்கேற்பிற்கு வெளியே நிற்கின்றனர். பதினொரு மாதத்தில் விலக்கப்படலாம் என்று அறிந்தவர், தம் கைவேலையின் உத்தியைக் குழுவில் சொல்வதற்குக் காரணம் இல்லை.